மூக்கோரத்து மொட்டுகள்: எரிப்பதற்கு முன் ஒரு துண்டு ஆய்வுக்கூடத்துக்கு

மூக்கின் இரு பக்க மடிப்பிலும் மேலுதட்டிலும் புருவங்களுக்கு நடுவிலும் தோல் நிறத்திலேயே சின்னச் சின்ன மொட்டுகள் முளைத்திருந்தால் நம் வீடுகளில் அதை நோய் என்று யாரும் சொல்வதில்லை. “அது குடும்ப வாகு, அவங்க அப்பாவுக்கும் அப்படித்தான்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பதின்ம வயதில் வந்தால் பரு, நாற்பதில் வந்தால் மரு, தலையில் உருண்டையாகத் தட்டுப்பட்டால் கொழுப்புக் கட்டி. பெரும்பாலும் இந்தக் கணிப்பு சரியாகவும் இருந்துவிடும். தவறிப்போகிற சிலவற்றில்தான் மயிர்க்காலிலிருந்து முளைக்கும் அரிய கட்டிகள் இருக்கின்றன.

அவற்றின் பெயர்கள் வாயில் எளிதில் நுழையாதவை. ட்ரைக்கோஎபிதீலியோமா, பைலோமேட்ரிக்கோமா, ட்ரைக்கோஃபாலிகுலோமா, ட்ரைக்கிலெம்மோமா, ஃபைப்ரோஃபாலிகுலோமா, ட்ரைக்கோபிளாஸ்டோமா என்று பட்டியல் நீளும். எல்லாம் தீங்கற்றவை. வேறு உறுப்புகளுக்குப் பரவுவதில்லை. பல வருஷம் அப்படியே கிடக்கும், அல்லது மெல்ல வளரும். அப்படியானால் இதைப் பற்றி எதற்கு ஒரு கட்டுரை என்று கேட்கலாம். இரண்டு கேள்விகளுக்காக. முதலாவது, இது நிஜமாகவே அந்தத் தீங்கற்ற கட்டிதானா, அதைப் போலவே தோற்றம் காட்டும் தோல் புற்றா? இரண்டாவது, இது தனியாக வந்ததா, அல்லது மார்பகம், சிறுநீரகம், நுரையீரல், குடல் பற்றி ஏதோ சொல்ல வந்ததா?

இரண்டுக்கும் பதில் தெரிய வேண்டுமானால் கட்டியின் ஒரு துண்டு நுண்ணோக்கியின் கீழ் போக வேண்டும். சிங்கப்பூரில் என்னை உறுத்துகிற விஷயமும் இதுதான். கடைத்தொகுதிக்குக் கடைத்தொகுதி முகத்தைச் சீர்படுத்தும் இடங்கள் இருக்கின்றன. “ஆண்ட்டி, இது சும்மா ஸ்கின் டேக்தான், அஞ்சு நிமிஷத்துல எடுத்துடலாம்” என்கிறார்கள். எடுத்தும் விடுகிறார்கள். லேசரில் ஆவியான சதையை அப்புறம் யாரும் ஆராய முடியாது.

ஒரே மயிர்க்கால், பல கட்டிகள்

மயிர்க்கால் என்பது முடி வெளியே வரும் துளை மட்டும் கிடையாது. தோலின் மேற்பரப்பில் திறக்கும் வாய்ப்பகுதி ஒன்று, அதற்குக் கீழே எண்ணெய்ச் சுரப்பி வந்து சேரும் இடம், இன்னும் கீழே மூல உயிரணுக்கள் தங்கியிருக்கும் புடைப்பு, அடியில் முடியை உற்பத்தி செய்யும் வேர்க்குமிழ் என அதற்குப் பல அடுக்குகள் உண்டு. சுற்றிலும் உறை. எந்தப் பகுதியின் உயிரணு கட்டுமீறிப் பெருகுகிறதோ அந்தப் பகுதியின் சாயல் கட்டியில் இருக்கும். வேர்க்குமிழின் உயிரணுவிலிருந்து வருவது பைலோமேட்ரிக்கோமா. வெளியுறையின் சாயலோடு வருவது ட்ரைக்கிலெம்மோமா. முடியை உருவாக்க முயன்று பாதியில் நின்றுபோன மாதிரி இருப்பது ட்ரைக்கோஎபிதீலியோமா. கிட்டத்தட்ட முழு மயிர்க்காலையே உருவாக்கி விடுவது ட்ரைக்கோஃபாலிகுலோமா. இந்தக் கடைசி ஒன்றை மட்டும் கண்ணால் பார்த்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். முகத்தில், பெரும்பாலும் மூக்குக்கு அருகில், நடுவில் ஒரு துளையுள்ள சிறு மேடு இருக்கும். அந்தத் துளையிலிருந்து மெல்லிய வெண்முடிகள் கொத்தாக எட்டிப் பார்க்கும். வெட்டி எடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

பிள்ளைகளுக்கு வரும் கல்கட்டி

இந்த வகைகளில் சிங்கப்பூர்ப் பெற்றோர் சந்திக்கக்கூடியது பைலோமேட்ரிக்கோமாதான். பெரும்பாலும் 20 வயதுக்குள் வரும். நடுவயதைத் தாண்டியவர்களுக்கு வருவதும் உண்டு. கன்னம், புருவ ஓரம், கழுத்து, மேல்கை ஆகிய இடங்களில் தோலுக்கு அடியில் கல் போல் கெட்டியாக ஒன்று தட்டுப்படும். சில சமயம் மேலே நீலம் பாய்ந்திருக்கும். குளிப்பாட்டும்போது அம்மாவின் விரலில் பட்டதும் அன்றிரவே வீட்டில் தூக்கம் போய்விடும். கெட்டியான கட்டி என்றால் புற்றுநோய் என்பது நம் மனத்தில் அப்படிப் பதிந்து கிடக்கிறது. இங்கே உண்மை நேர் எதிர். கட்டிக்குள் சுண்ணாம்புச் சத்து படிவதால்தான் அது கல்லாகிறது.

தோலை இழுத்துப் பிடித்தால் கட்டியின் கோணங்கள் கூடாரக் கம்பிகள் போலத் துருத்தித் தெரியும். மருத்துவர்கள் இதைக் கூடார அடையாளம் என்பார்கள். ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை எழும்புவது இன்னோர் அடையாளம். ஸ்கேனில் சுண்ணாம்புப் படிவு தெரிந்தால் சந்தேகம் வலுப்படும். இத்தனை அடையாளங்கள் இருந்தும், வெட்டுவதற்கு முன் இதைச் சாதாரண நீர்க்கட்டி என்று எழுதுவது மருத்துவமனைகளில் மிகச் சகஜம். அதில் பெரிய பாதகமில்லை, எப்படியும் வெட்டி எடுக்கத்தான் போகிறார்கள். ஊசி குத்தி உயிரணுவை உறிஞ்சிப் பார்க்கும்போதுதான் சிக்கல். இளம் வேர்க்குமிழ் உயிரணுக்கள் நெருக்கமாகவும் கருமையாகவும் இருப்பதால் அவற்றை மட்டும் பார்த்தால் புற்று என்று நினைக்க வாய்ப்புண்டு. ஊசிப் பரிசோதனையில் அப்படி ஒரு வார்த்தை வந்துவிட்டால் கலங்கிப் போகாமல், முழுக் கட்டியையும் எடுத்துப் பார்த்த பிறகு பேசலாம் என்று கேட்பது நியாயமானது.

இந்தக் கட்டியின் கதை கொஞ்சம் சுவாரசியமானது. 1880இல் பிரான்சில் மலர்ப், ஷெனாந்தே என்ற இருவர் இதை விவரித்தபோது எண்ணெய்ச் சுரப்பியிலிருந்து வருவதாக நினைத்தார்கள். 80 வருஷம் அந்த எண்ணமே நீடித்தது. 1961இல்தான் ஃபோர்பிஸ், ஹெல்விக் இருவரும் இது முடியின் வேர்க்குமிழிலிருந்து வருகிறது என்று நிறுவி இப்போதைய பெயரை வைத்தார்கள். அப்புறம் 1998இல் சிகாகோவில் இலேன் ஃபுக்ஸின் ஆய்வுக்குழு, பீட்டா-கேட்டனின் என்ற புரதம் சிதையாமல் தோலில் தங்கிவிடும்படி எலிகளை உருவாக்கியது. அந்த எலிகளுக்கு மயிர்க்கால் இருக்கக் கூடாத இடத்திலெல்லாம் புதிதாக மயிர்க்கால் முளைத்தது. வயதாக ஆக முடிக் கட்டிகளும் வந்தன. அடுத்த ஆண்டே மனிதர்களின் பைலோமேட்ரிக்கோமாக்களை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் அதே புரதத்தின் மரபணுவில் பிறழ்வு. “முடியை வளர்” என்ற கட்டளை நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருப்பதன் விளைவு இது என்று புரிந்தது. நுண்ணோக்கியில் இதை அடையாளம் காட்டுபவை பேய்ச் செல்கள். உட்கரு கரைந்து, வெளிறிய கூடு மட்டும் மிஞ்சிய உயிரணுக்கள்.

தானாகக் கரையாது. உரிய ஓரத்தோடு வெட்டி எடுத்தால் திரும்ப வருவது அபூர்வம். கட்டி ஒன்றுதான் என்றால் பெற்றோர் நிம்மதியாக இருக்கலாம். பல கட்டிகள் வந்தால், அல்லது குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருந்தால், மருத்துவர் வேறு சிலவற்றை விசாரிப்பார். தசை இறுகிப்போகும் மயோட்டோனிக் டிஸ்ட்ரோஃபி, பெருங்குடலில் நூற்றுக்கணக்கில் பாலிப் எனும் சதை மொட்டுகள் வளரும் கார்ட்னர் நோய், பெண் பிள்ளைகளானால் எக்ஸ் குரோமோசோம் குறைபாட்டால் வரும் டர்னர் நோய். கைகுலுக்கிய பிறகு பிடியை விட நேரம் எடுக்கிறதா என்று தோல் மருத்துவர் கேட்டால் விழிக்க வேண்டாம். அந்தக் கேள்வி முதலில் சொன்ன தசை நோய்க்காகத்தான்.

குடும்ப வாகு என்பதன் பின்னால்

முதலில் சொன்ன மூக்கோரத்து மொட்டுகளுக்கு வருவோம். ட்ரைக்கோஎபிதீலியோமா ஒன்றே ஒன்றாக வளர்ந்த வயதில் வந்தால் அது தற்செயல். பல வந்தால், அதுவும் பருவ வயதை ஒட்டித் தொடங்கி ஆண்டுதோறும் எண்ணிக்கை கூடினால், பெரும்பாலும் பரம்பரை. 1892இல் இங்கிலாந்தில் ப்ரூக்கும் அமெரிக்காவில் ஃபோர்டைஸும் தனித்தனியாக இதை எழுதினார்கள். குடும்பங்களில் ஓடுகிறது என்பது தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. காரணமான மரபணுவைக் கண்டுபிடிக்க 2000ஆம் ஆண்டு ஆகிவிட்டது. அதன் பெயர் சிஒய்எல்டி. 16ஆவது குரோமோசோமில் இருக்கிறது.

இந்த மரபணு உயிரணுக்களின் வளர்ச்சிச் சமிக்ஞைகளுக்குப் பிரேக் போடுகிறது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து பழுதான பிரதி ஒன்று வந்தாலும் நல்ல பிரதி இருக்கும்வரை எதுவும் தெரியாது. வாழ்நாளில் ஏதோ ஒரு தோல் உயிரணுவில் அந்த நல்ல பிரதியும் பழுதானால் அந்த இடத்தில் ஒரு கட்டி முளைக்கிறது. அப்பாவுக்கு நாலு மொட்டு, மகளுக்கு முகம் முழுக்க மொட்டு என்று ஒரே வீட்டில் வித்தியாசம் இருப்பதற்கு இது ஒரு காரணம். பிள்ளைக்குப் போவதற்கான வாய்ப்பு ஒவ்வொரு பிறப்பிலும் சரிபாதி. ஆண், பெண் வேறுபாடு கிடையாது. “அப்பா வழி, அதனால் பொண்ணுக்கு வராது” என்பதற்கெல்லாம் இங்கே இடமில்லை.

அதே மரபணுப் பழுது முகத்தோடு நிற்காமல் தலையிலும் கட்டிகளை வளர்க்கலாம். சிலிண்ட்ரோமா எனப்படும் அவை பெருகி, தலைப்பாகை கட்டினாற்போல் மண்டையை மூடிவிட்ட நோயாளிகள் பற்றிய பழைய மருத்துவப் பதிவுகள் உண்டு. இன்னும் சிலருக்கு ஸ்பைரடினோமா என்ற, தொட்டால் வலிக்கும் கட்டிகள் வரும். மூன்றும் கலந்து வந்தால் ப்ரூக்-ஸ்பீக்லர் நோய்த்தொகுதி என்பார்கள். இவற்றில் ஒன்று திடீரென்று வேகமாக வளர்ந்தாலோ, புண்ணாகி ரத்தம் கசிந்தாலோ தாமதிக்கக் கூடாது. அரிதாகப் புற்றாக மாறுவது உண்டு. ஆகவே முகத்தில் மொட்டுகள் உள்ளவரின் தலையையும் மருத்துவர் முடியை விலக்கித் தடவிப் பார்க்க வேண்டும். பார்க்கவில்லை என்றால் நீங்களே சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மொட்டுகளைப் போலத் தெரிபவை வேறு பல. கண்ணுக்குக் கீழே வரும் சிரிங்கோமா ஆசியர்களிடம் சகஜம், அது வியர்வைச் சுரப்பியின் வேலை. நம்மவர்களின் கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் கறுப்புப் புள்ளிகளாக வயதோடு கூடும் மருக்கள் வேறு, அவற்றால் தீங்கும் இல்லை. ஒன்றை மட்டும் தவறவிடக் கூடாது. மூக்கைச் சுற்றிச் சிறுவயதிலேயே வரும் சிவந்த மொட்டுகள், கூடவே வலிப்பு அல்லது கற்றலில் பின்தங்கல் இருந்தால், டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற முற்றிலும் வேறான நோயாக இருக்கலாம். பருவுக்கான களிம்பை மாதக்கணக்கில் தடவியும் அசையாத “பரு” என்றால் அது பருதானா என்று யோசிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

புற்றுபோல் தோன்றுவது, புற்றாகவே இருப்பது

சிங்கப்பூரில் தோல் புற்றுகளில் அதிகம் காணப்படுவது அடித்தளச் செல் புற்று. சீனர்களிடம் அதிகம், மலாய்க்காரர்களிடமும் இந்தியர்களிடமும் குறைவு. குறைவு என்பதை நாம் “நமக்கு வராது” என்று எடுத்துக்கொள்வதில்தான் வம்பு. கறுத்த தோலில் வரும்போது அது கருமையேறி, பளபளப்பான மச்சம் போலவோ மரு போலவோ தெரியலாம்.

ட்ரைக்கோஎபிதீலியோமாவும் ட்ரைக்கோபிளாஸ்டோமாவும் இந்தப் புற்றோடு நுண்ணோக்கியிலும் குழப்பம் தருபவை. எல்லாமே கருமையான சிறு உயிரணுக்களின் கூட்டம். மிகவும் சங்கடம் தருவது டெஸ்மோபிளாஸ்டிக் என்ற உட்பிரிவு. நடுவயதுப் பெண்களின் கன்னத்தில், வளையம் போல் விளிம்பு உயர்ந்து நடுவில் குழிந்த, கெட்டியான ஒரு தழும்பு மாதிரி இருக்கும். வருஷக்கணக்காக மாறாமல் இருந்திருக்கும். அதே கன்னத்தில் அதே தோற்றத்தோடு தழும்பு வகை அடித்தளச் செல் புற்றும் வரும், தோலுக்குள் ஆழமாக வேர்விடும் இன்னொரு வகைப் புற்றும் வரும். மேலாகச் சீவி எடுத்த மெல்லிய துண்டு இங்கே போதாது. மேல்பகுதி மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கும், கீழே நரம்பைத் தொட்டுப் போயிருக்கிறதா என்பதில்தான் விடை இருக்கிறது. சிறு குழல் கத்தியால் ஆழமாகத் துண்டெடுக்கும் பஞ்ச் பயாப்சி அல்லது முழுதாக வெட்டி எடுத்த துண்டு தேவை.

நோய்க்குறியியல் மருத்துவர் எதைப் பார்த்துப் பிரிக்கிறார்? புற்றாக இருந்தால் உயிரணுக் கூட்டத்துக்கும் அதைச் சுற்றியுள்ள இணைப்புத் திசுவுக்கும் நடுவே ஒரு பிளவு தெரியும். தீங்கற்ற கட்டியில் பிளவு இருந்தால் அது இணைப்புத் திசுவுக்குள்ளேயே இருக்கும். முடியின் வேரில் இருக்க வேண்டிய சிறு காம்பு போன்ற அமைப்பை உருவாக்க அந்தத் திசு முயன்றிருந்தால் அது நல்ல அறிகுறி. இன்னும் ஐயம் என்றால் சாயப் பரிசோதனைகள். சிகே20 என்ற சாயம் போட்டால் தீங்கற்ற கட்டிக்குள் தொடுவுணர்வுக்கான மெர்க்கல் செல்கள் அங்கங்கே மின்னும், புற்றில் பெரும்பாலும் இருக்காது. ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனின் ஏற்பிக்கான சாயம் புற்றில் பல சமயம் பிடிக்கும், தீங்கற்ற கட்டியில் வழக்கமாகப் பிடிக்காது. ஒரே சாயம் தீர்ப்புச் சொல்லிவிடாது, எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவு. மருத்துவர் அனுப்பும் படிவத்தில் “ஒரு கட்டி, கன்னம்” என்று மட்டும் எழுதாமல், எத்தனை வருஷமாக, எத்தனை கட்டிகள், குடும்பத்தில் யாருக்கு என்ற விவரமும் போனால் அங்கே உட்கார்ந்திருப்பவரின் வேலை பாதி குறையும். நோயாளி வாய்திறந்து சொன்னால்தானே அவர் எழுதுவார்!

தலையில் பிறவியிலேயே முடியில்லாத மஞ்சள் தடிப்பு ஒன்று சிலருக்கு இருக்கும். பருவ வயதில் அது சொரசொரப்பாகி, பிற்பாடு அதன்மேல் கட்டிகள் முளைக்கும். அவை புற்று என்று பல காலம் எழுதிவந்தார்கள். பிறகு பழைய ஸ்லைடுகளை எடுத்து மறுபடியும் பார்த்தபோது அவற்றில் பல, தீங்கற்ற ட்ரைக்கோபிளாஸ்டோமாக்கள் என்று தெரிந்தது. பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே அந்தத் தடிப்பை வெட்டியே ஆக வேண்டும் என்ற அவசரம் அதனால் குறைந்திருக்கிறது.

கூடவே வரும் செய்தி

ட்ரைக்கிலெம்மோமா ஒன்றே ஒன்று என்றால் அதை மரு என்று நினைத்து எடுத்துவிட்டுப் போகலாம். முகத்தில் பல, கூடவே ஈறிலும் நாக்கிலும் கூழாங்கல் பதித்தாற்போன்ற புடைப்புகள், சராசரியைவிடப் பெரிய தலை என்று சேர்ந்தால் கவ்டன் நோய் நினைவுக்கு வர வேண்டும். பிடென் என்ற மரபணுவின் பழுது அது. மார்பகம், தைராய்டு, கருப்பை ஆகியவற்றில் புற்று வரும் வாய்ப்பை நன்றாகவே உயர்த்தும். இங்கே முகத்து மொட்டின் மதிப்பு மிகப் பெரியது. மார்பகப் பரிசோதனையை வழக்கமான வயதுக்கு முன்பே தொடங்கச் சொல்லும் எச்சரிக்கை அது.

இன்னொன்று பர்ட்-ஹாக்-டுபே நோய். 1977இல் மூன்று கனடிய மருத்துவர்கள் ஒரு குடும்பத்தை வைத்து விவரித்தது. மரபணு 2002இல் தெரிந்தது. இருபதுகளுக்குப் பிறகு மூக்கு, கன்னம், கழுத்து, காதுமடலுக்குப் பின்னால் வெளிறிய, வழவழப்பான மொட்டுகள் வரும். அவைதான் ஃபைப்ரோஃபாலிகுலோமா. இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோரின் நுரையீரலில் காற்றுப் பைகள் இருக்கும். ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு அந்தப் பை உடைந்து நுரையீரல் சுருங்கிப்போகும். சிறுநீரகக் கட்டிகளும் வரும், அவற்றுக்காக ஆயுள் முழுவதும் இடைவெளி விட்டு ஸ்கேன் எடுக்க வேண்டும். ஜப்பானியக் குடும்பங்களில் தோல் மொட்டுகள் கண்ணில் படாத அளவுக்குச் சிறிதாக இருந்து நுரையீரல்தான் முதலில் காட்டிக்கொடுத்திருக்கிறது. வீட்டில் இரண்டு பேருக்கு “திடீரென்று நுரையீரல் சுருங்கிய” கதை இருந்தால் முகத்தையும் பாருங்கள், முகத்தில் இவை இருந்தால் அந்தக் கதையையும் சொல்லுங்கள். மலேசியாவின் தியோமான் தீவுக்கு ஆழ்கடல் நீச்சலுக்குப் போகும் பழக்கமுள்ளவர் என்றால் போவதற்கு முன்பே.

இங்கே எங்கே போவது

தேசிய சரும நிலையம் மண்டலே ரோட்டில், நொவீனாவை ஒட்டி இருக்கிறது. 1988இல் தொடங்கியது, அதற்கு முன் மிடில் ரோடு மருத்துவமனைதான் தோல் நோய்களைக் கவனித்தது. நேராக அங்கே போகலாம், ஆனால் மானியம் வேண்டுமென்றால் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். சாஸ் எனும் சமூகச் சுகாதார உதவித் திட்ட அட்டை உள்ளவர்கள் அந்தத் திட்டத்தில் சேர்ந்த குடும்ப மருத்துவரிடமும் வாங்கிக்கொள்ளலாம். சிறுபிள்ளைகள் என்றால் கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்கும் அனுப்புவார்கள். பரிந்துரைக்குப் போகும்போது “மரு இருக்கு டாக்டர்” என்று நாமே பெயர் வைத்துக்கொண்டு போகாமல், எப்போதிருந்து, வளர்கிறதா, வீட்டில் யாருக்கு என்று சொன்னால் கடிதம் சரியாக எழுதப்படும்.

பணம் பற்றி ஒரு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும். நோயைக் கண்டறியவோ மருத்துவக் காரணத்துக்காகவோ செய்யும் அறுவைக்கு, அது சுகாதார அமைச்சின் பட்டியலில் இருந்தால், நம் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவைப் பயன்படுத்தலாம். அழகுக்காக எடுப்பதற்கு மெடிசேவும் கிடையாது, தேசிய மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃபும் கிடையாது. முகம் முழுவதும் தீங்கற்ற மொட்டுகள் உள்ள பெண்ணுக்கு எது அழகு, எது மருத்துவம் என்று கோடு போடுவது எனக்கு அவ்வளவு சுலபமாகத் தெரியவில்லை. பெண் பார்க்க வருவதற்கு முன் எப்படியாவது எடுத்துவிட வேண்டும் என்று ஓடுபவர்களைப் பற்றிக் கேலி பேசுவது சுலபம். வருஷக்கணக்காக எல்லோரும் முகத்தையே உற்றுப் பார்ப்பதைச் சகித்தவருக்கு அது கேலியில்லை.

வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்கு நிலைமை வேறு. மானியம் இல்லை. முதலாளி எடுக்கும் மருத்துவக் காப்புறுதி மருத்துவமனையில் தங்கும் சிகிச்சையையும் அன்றே வீடு திரும்பும் அறுவையையும் மனத்தில் வைத்து அமைந்தது. அவசரமில்லாத ஒரு தோல் கட்டிக்கு அது கைகொடுக்கும் என்று நம்பி இருக்க முடியாது. ஆகவே விடுமுறையில் ஊருக்குப் போகும்போது திருச்சியிலோ மதுரையிலோ வெட்டிக்கொண்டு வருகிறார்கள். சிங்கப்பூரர்களும் சென்னையில் இதைச் செய்துகொள்வது உண்டு. அதில் தவறு ஒன்றும் இல்லை, அங்கே நல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள். வெட்டிய சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்பதை மட்டும் கேட்டு, அறிக்கையைக் கையோடு வாங்கி வரவேண்டும். சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டையும் கண்ணாடி ஸ்லைடும் அந்த ஆய்வுக்கூடத்தில் இருக்கும். பிற்பாடு இங்கே இன்னொரு மருத்துவர் மறுபடி பார்க்க நினைத்தால் அவைதான் உதவும். அறிக்கையின் எண்ணையும் கூடத்தின் பெயரையும் போனில் படமெடுத்து வைத்தால்கூடப் போதும்.

ஊர் வைத்தியம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மருவுக்கு அம்மான் பச்சரிசிப் பால், சுண்ணாம்பு, தலைமுடியால் இறுக்கிக் கட்டுவது எல்லாம் நம் பாட்டிமார் செய்தவை. இந்தக் கட்டிகள் தோலின் ஆழத்தில் இருப்பவை. சுண்ணாம்பு மேல்தோலை வேகவைத்துத் தழும்பாக்கும், கட்டி அடியில் அப்படியே இருக்கும். தழும்பின்மேல் பயாப்சி எடுத்தால் ஆய்வுக்கூடத்தில் கூடுதல் குழப்பம்.

எடுப்பது எப்படி

ஒரு கட்டி என்றால் மரத்துப்போக ஊசி போட்டு வெட்டித் தைப்பதுதான் சிறந்தது. முழுக் கட்டியும் கிடைக்கும், பரிசோதனையும் முடியும், திரும்ப வரும் வாய்ப்பும் குறையும். டெஸ்மோபிளாஸ்டிக் வகையில் ஐயம் தீரவில்லை என்றால், ஓரங்களை அப்போதைக்கப்போதே நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே வெட்டும் மோஸ் அறுவை நியாயமான தேர்வு.

முகம் முழுக்கப் பத்து, ஐம்பது, நூறு என்று இருந்தால் ஒவ்வொன்றையும் வெட்ட முடியாது. அங்கேதான் கார்பன் டை ஆக்சைடு லேசர், எர்பியம் லேசர், மின்சாரத்தால் தீய்ப்பது, மேலாகச் சீவுவது ஆகியவை வருகின்றன. இரண்டு மூன்று மொட்டுகளைப் பரிசோதித்து நோய் உறுதியான பிறகு லேசர் செய்வதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. ஆனால் லேசர் மேலே தெரிவதை மட்டப்படுத்துகிறது, அடியிலுள்ள வேரை முழுதாக எடுப்பதில்லை. சில வருஷத்தில் மறுபடி முளைக்கும். “ஒரே தடவையில் போய்விடும்” என்று தொகுப்புக் கட்டணம் கேட்பவரிடம் இதைச் சொல்லி அவர் முகத்தைப் பாருங்கள்.

நம் தோலுக்கு என்று தனி எச்சரிக்கை வேண்டும். மாநிறமும் கறுப்புமான தோலில் லேசர் பட்ட இடம் கறுத்துப்போவது மிகச் சகஜம். மாதக்கணக்கில் மங்காமல் நிற்கும். ஆழமாகப் போனால் நிறமே இல்லாத வெள்ளைப் புள்ளிகள் வரும், அவை அதைவிட மோசம். எனவே முதலில் காதோரம் போன்ற மறைவான ஓர் இடத்தில் இரண்டு மொட்டுகளை மட்டும் எடுத்து, சில வாரம் பொறுத்துப் பார்த்து, பிறகு மீதியைத் தொடுவதுதான் நிதானமான வழி. காது குத்திய இடத்தில் கெலாய்டு எனும் தடித்த தழும்பு வளர்ந்தவர் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். முகத்தின் நடுப்பகுதியில் கெலாய்டு குறைவு, தாடை ஓரத்திலும் நெஞ்சிலும் தோளிலும் அதிகம். அப்புறம் இங்குள்ள வெயில். சிங்கப்பூரில் வருஷம் முழுவதும் ஒரே வெயில்தான், ஆறின புண்ணுக்குச் சன்ஸ்கிரீன் தடவாமல் இருக்கும் சலுகை எந்த மாதத்திலும் இல்லை.

மரபணுப் பரிசோதனை யாருக்கு? பல கட்டிகள், குடும்ப வரலாறு, அல்லது மேலே சொன்ன உள்ளுறுப்புச் சந்தேகங்கள் இருந்தால் தோல் மருத்துவரே ஆலோசனைக்கு அனுப்புவார். போகும் முன் ஊரிலுள்ள பெரியப்பா, அத்தை, சித்தப்பா பிள்ளைகளின் முகப்படங்களை வாட்ஸ்அப்பில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மரபியல் ஆலோசகர் வரையும் குடும்ப மரத்துக்கு அதைவிட நல்ல உதவி கிடையாது. பரிசோதனை செய்தால் காப்புறுதி கிடைக்காதோ என்ற பயம் பலருக்கு உண்டு. 2021 அக்டோபரில் சுகாதார அமைச்சும் ஆயுள் காப்புறுதிச் சங்கமும் ஒரு கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தன. நோய் அறிகுறி எதுவும் இல்லாதவர் எதிர்காலத்தை அறியச் செய்யும் மரபணுப் பரிசோதனையைக் காப்புறுதி நிறுவனங்கள் கட்டாயப்படுத்தக் கூடாது, முடிவையும் மிகப் பெரிய தொகைக்கான சில விதிவிலக்குகள் தவிரப் பயன்படுத்தக் கூடாது. ஏற்கெனவே முகத்தில் கட்டிகள் இருப்பவருக்குச் செய்வது நோயைக் கண்டறியும் பரிசோதனை, அது வேறு கணக்கு. அறிகுறியே இல்லாத தம்பி தங்கைகளுக்குச் செய்வதற்குத்தான் இந்தப் பாதுகாப்பு பொருந்தும். கேட்டுத் தெளிந்துகொண்டு செய்யலாம்.

களிம்பு போட்டால் கரையாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இமிக்விமோட், சிரோலிமஸ் களிம்புகள் சிலருக்குப் பலன் தந்ததாகத் தனித்தனி நோயாளிக் குறிப்புகள் இருக்கின்றன. அவற்றை நம்பி எல்லோருக்கும் எழுதிக்கொடுக்கும் அளவுக்கு ஆதாரம் சேரவில்லை. சிஒய்எல்டி பழுதால் வரும் கட்டிகளுக்கென்றே இங்கிலாந்தின் நியூகாசிலில் பெக்கான்ட்ராட்டினிப் என்ற களிம்பை முறையாகச் சோதித்தார்கள். 2018இல் வெளிவந்த முடிவில், மருந்து தடவிய கட்டிக்கும் மருந்தில்லாத களிம்பைத் தடவிய கட்டிக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இப்போதைக்குக் கத்தியும் லேசரும்தான், சில வருஷத்துக்கு ஒருமுறை.